மலையூர்ச் சாப்பாடு: எந்த ஊரில், எந்த நேரத்தில், எதை

இமயமலைக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்களுக்கு நாள்வாரியாகப் பட்டியல் போடுகிறார்கள். சாப்பாட்டை மட்டும் போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படிப் போனால் மணாலியில் பன்னீர் பட்டர் மசாலா, டார்ஜிலிங்கிலும் அதே, லேயிலும் அதே. இந்த மூன்று ஊர்களின் மண்ணும் குளிரும் விளைச்சலும் வேறு வேறு. வீட்டுச் சமையலும் அப்படித்தான். அதைச் சாப்பிட அதிகச் செலவாகாது. அந்தச் சரிவில் அந்தப் பருவத்தில் என்ன கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது அடுப்பிலிருந்து இறங்கும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்த இரண்டுக்கும் வழி சொல்கிறது. வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் திரும்பி வரவும்.

கிளம்பும் முன்

1. ஊரின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மணாலி, மெக்லியோட்கஞ்ச், முசூரி, டார்ஜிலிங் எல்லாம் சுமார் 2,000 மீட்டர். லே 3,500 மீட்டர். ஸ்பிதியில் உள்ள காஸா அதையும் தாண்டும். முதல் வகை ஊர்களில் இறங்கியதும் சாப்பிடக் கிளம்பலாம். இரண்டாம் வகை ஊர்களில் முடியாது. காரணம் அடுத்த பகுதியில்.

2. பருவத்தைப் பாருங்கள். பழைய மணாலியிலும் லேயிலும் பல கஃபேக்கள் குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். திபெத்தியப் புத்தாண்டான லோசர், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அந்த நாட்களில் மெக்லியோட்கஞ்சில் திபெத்தியக் கடைகள் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் மண் சரிந்து சாலை அடைபடும். காய்கறி வண்டி தாமதமாகும், குழாய்த் தண்ணீர் கலங்கும்.

3. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள். மலையில் மின்சாரமும் சிக்னலும் ஒன்றாகப் போய்விடும். அப்போது மொபைலில் பணம் கட்ட வழியில்லை.

4. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், வழக்கமாக நீங்கள் எடுக்கும் வயிற்று மருந்து, வடிகட்டி பொருத்திய தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை எடுத்துவையுங்கள். சிக்கிமில் 2022 ஜனவரி 1 முதல் பாட்டில் தண்ணீர் விற்பனைக்குத் தடை இருப்பதால் அங்கே சொந்த பாட்டில் கட்டாயம் வேண்டும்.

5. வால்நட், வேர்க்கடலை, கோதுமை ஆகியவற்றில் ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால் அதை இந்தியில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலைச் சமையலில் வால்நட் வெளியே தெரியாமல் உள்ளே பூரணமாக இருக்கும்.

குறிப்பு: மலை ஏறும் நாளில் வளைவுகள் ஆரம்பிக்கும் முன்னரே அரை வயிறாகச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். எண்ணெய்ப் பராத்தாவும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் பின் இருக்கையில் உட்கார்ந்தால் வாந்திதான். வெறும் வயிறும் கூடாது. வாழைப்பழம், பிஸ்கட், எலுமிச்சம்பழச் சாறு போதும்.

முதல் இரண்டு நாள்: உயரமும் வயிறும்

சுமார் 2,500 மீட்டருக்கு மேலே போனால் யாருக்கும் உயர நோய் வரலாம். இளவயது, உடற்பயிற்சி எதுவும் அதைத் தடுக்காது. தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை இவற்றோடு பசியும் அற்றுப்போகும். விமானத்தில் லேவுக்குப் போய் இறங்கியவர்கள் இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்.

1. முதல் நாள் ஊர் சுற்ற வேண்டாம். அறையில் இருங்கள். இரண்டாம் நாளும் மெதுவாகவே நடங்கள்.
2. கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை சாப்பிடுங்கள். சோறு, ரொட்டி, சூப் போன்ற எளிய மாவுச்சத்து உணவு நல்லது. நெய்யில் பொரித்ததும் கனமான கறியும் மூன்றாம் நாளுக்கு.
3. தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.
4. மது வேண்டாம். பார்லியில் காய்ச்சும் உள்ளூர் சாங்கும் மதுதான். வீட்டில் உபசாரமாகக் கொடுத்தாலும் முதல் நாட்களில் பணிவாக மறுத்துவிடலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை.
5. தலைவலியோடு பசியும் போய்விட்டால் அதற்கு மேல் ஏறாதீர்கள். தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே கீழே இறங்குங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். பூண்டு சூப் குடித்தால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். குடிக்கலாம், இதமாக இருக்கும். அதை மருந்தாக நம்பிக் காத்திருக்கக் கூடாது.

உயரம் சமையலையும் மாற்றுகிறது. லேயில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பும் சோறும் திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. லடாக்கின் பழைய சமையலைப் பார்த்தால் இது விளங்கும். பார்லியை முன்பே வறுத்து மாவாக்கி வைத்துக்கொண்டார்கள். கோதுமை மாவைச் சின்னச் சின்னதாகத் தட்டிக் குழம்பில் போட்டார்கள்; அதுதான் ஸ்க்யூ. ஆகவே லேயில் ஸ்க்யூ கேளுங்கள், பட்டாம்பூச்சி வடிவில் மாவை மடித்துப் போடும் சுத்தாகி கேளுங்கள். காலையில் கம்பீர் என்ற தடித்த ரொட்டியை ஆப்ரிகாட் ஜாமோடு சாப்பிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் ஆப்ரிகாட்டை மரத்திலிருந்து பறித்த அன்றே தின்னலாம்.

தண்ணீரைக் காய்ச்சும்போது 2,000 மீட்டருக்கு மேல் கொதி வந்த பிறகு 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். சாலையோரம் பாறையிலிருந்து குழாயில் வழியும் ஊற்றுநீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். மேலே மாடு மேய்வது உங்களுக்குத் தெரியாது. அதை அப்படியே குடிக்காதீர்கள்.

மலையூரின் கடிகாரம்

மலையில் ஊர் சீக்கிரம் அடங்கும். டார்ஜிலிங்கில் இரவு ஏழு, எட்டு மணிக்கெல்லாம் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்க ஆரம்பித்துவிடுவார்கள். மற்ற ஊர்களிலும் ஒன்பதரைக்கு மேல் சமையற்கட்டில் ஆள் இருப்பது அரிது. சென்னைப் பழக்கத்தில் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். ஏழரைக்குச் சாப்பிட உட்காருங்கள்.

வீட்டில் தங்கும் வசதி எடுத்திருந்தால் ராத்திரிச் சாப்பாட்டை மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள். மாவு புளிக்க வேண்டும், பயறு ஊற வேண்டும், சில சமயம் கீரை பறிக்கத் தோட்டத்துக்கு ஆள் போக வேண்டும். மாலை ஆறு மணிக்கு வந்து "உள்ளூர் சாப்பாடு கிடைக்குமா?" என்று கேட்டால் ஆலு கோபிதான் வரும். விலையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அந்த வீட்டுச் சமையலறைக்குள் அழைத்தால் மட்டும் போங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. சில மலைக் கிராமங்களில் வெளியாட்கள் அடுப்பங்கரைக்குள் வருவதை விரும்பமாட்டார்கள். லடாக்கி, திபெத்திய வீடுகளில் கோப்பை குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கோப்பையை நிறைந்தபடியே வைத்துவிட்டு, கிளம்பும்போது குடித்து முடியுங்கள்.

கடையைத் தேர்ந்தெடுப்பது

1. காலையில் ஒருமுறை கடைத்தெருவை நடந்து பாருங்கள். எந்தக் கடையில் டாக்ஸி ஓட்டுநர்களும் பள்ளி ஆசிரியர்களும் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள்.
2. பலகையில் நான்கைந்து அயிட்டம் எழுதியிருக்கும் கடையை விரும்புங்கள். இத்தாலியன், சைனீஸ், இஸ்ரேலி, தென்னிந்தியம் எல்லாம் இருபது பக்க மெனுவில் இருந்தால் பாதிக்கு மேல் குளிர்பெட்டியிலிருந்துதான் வரும்.
3. மெனுவைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆஜ் க்யா பனா ஹை?" (இன்று என்ன சமைத்திருக்கிறீர்கள்?) என் அனுபவத்தில் மற்ற எல்லா வழியையும்விட நல்ல சாப்பாட்டை வாங்கித் தந்தது இந்தக் கேள்விதான்.
4. ஆவி பறக்க வருவதை மட்டும் சாப்பிடுங்கள். நறுக்கி வைத்த வெங்காயம், முள்ளங்கி, வெள்ளரி வேண்டாம்.
5. பச்சைச் சட்னியையும் சிவப்புச் சட்னியையும் முதல் நாள் தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். மோமோ ஆவியில் வெந்தது, அதில் பயம் குறைவு. சட்னியில் பச்சைத் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். மோமோ சாப்பிட்டு வயிறு கெட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சட்னியைக் கவனிப்பதில்லை.

சாலையோரத்தில், கணவாய் உச்சியில் மேகி விற்கும் தகரக் கொட்டகைகள் உண்டு. கண்ணெதிரே கொதிக்க வைத்துத் தருகிறார்கள், சூடாக இருக்கிறது. வழியில் பசித்தால் தயங்காமல் சாப்பிடுங்கள்.

மணாலி: சித்து

குலுப் பள்ளத்தாக்கில் ஒன்றே ஒன்றுதான் சாப்பிட நேரம் இருக்கிறது என்றால் சித்து சாப்பிடுங்கள். கோதுமை மாவை ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து பல மணி நேரம் புளிக்க விட்டு, வால்நட்டும் கசகசாவும் அரைத்த பூரணத்தையோ உளுந்துப் பூரணத்தையோ உள்ளே வைத்து மூடி, ஆவியில் அரை மணி நேரம்போல வேகவைக்கிறார்கள். மால் ரோட்டின் ஓரங்களிலும், வசிஷ்ட் கிராமத்துக்கு ஏறும் வழியிலும், மனால்சு ஓடையைத் தாண்டி இருக்கும் பழைய மணாலியிலும் சித்துக் கடைகள் உண்டு. பெரும்பாலும் பெண்கள் நடத்துவது. அடுக்கின் மூடியைத் திறந்ததும் எழும் ஆவியில் அந்த அம்மாவின் முகம் ஒரு நொடி மறையும். வெறும் விரலால் சித்துவை எடுத்துத் தட்டில் போட்டு, கத்தியால் கீறி, பிளந்த வாய்க்குள் உருக்கிய நெய்யைக் கரண்டியால் ஊற்றுவார். நெய் உள்ளே இறங்கும் வரை காத்திருந்து பிறகு பச்சைச் சட்னியை ஓரத்தில் வைப்பார்.

சாப்பிடும் முறை:

1. நெய் வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்று சொல்லுங்கள். நெய் இல்லாத சித்து தொண்டையில் அடைக்கும்.
2. இருவருக்கு ஒன்று வாங்கிப் பாருங்கள். சின்னதாகத் தெரியும், வயிறு நிறைந்துவிடும்.
3. காலையில் வெந்ததை மாலையில் மறுபடி சூடாக்கித் தந்தால் ரப்பராக இருக்கும். கடைக்காரரிடமே அடுத்த ஈடு எப்போது இறங்கும் என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள்.

அசைவக்காரர்களுக்குக் குலுவின் ட்ரவுட் மீன். ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து இந்த ஆறுகளில் விட்ட இனம். இப்போது தட்டுக்கு வருவது அநேகமாகப் பண்ணை மீன். பட்லிகுஹலில் அரசாங்கப் பண்ணையே இருக்கிறது. சமைப்பதற்கு முன் மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்க வேண்டும். விலை முழு மீனுக்கா எடைக்கா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். மசாலாவில் தோய்த்துப் பொரிப்பதைவிட உப்பும் எலுமிச்சையும் மட்டும் போட்டுச் சுட்டுத் தரச் சொன்னால் மீனின் சுவை தெரியும்.

வசந்த காலத்திலும் மழைக்காலத்திலும் லுங்டு என்ற சுருள்பெரணிக் கொழுந்தில் பொரியல் செய்வார்கள். நன்றாக வெந்திருக்க வேண்டும், பச்சையாகத் தின்னக் கூடாது. குச்சி என்னும் விலையுயர்ந்த காளானுக்கும் அதே எச்சரிக்கை. காட்டில் நீங்களே காளான் பறித்துச் சமைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

காங்க்ரா: தாம் விருந்து

சோறு இல்லாமல் சாப்பாடே இல்லை என்று நினைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இமாச்சலத்தில் மிகவும் பிடிக்கப்போவது இந்த விருந்துதான். கல்யாணம், கோயில் விசேஷம் என்றால் காங்க்ரா பக்கம் தாம் சமைப்பார்கள். போட்டி எனப்படும் பரம்பரை பிராமணச் சமையற்காரர்கள், நீளமாக வெட்டிய அடுப்புக் குழியின் மேல் வாய் குறுகிய பித்தளை, செம்புப் பாத்திரங்களை வரிசையாக ஏற்றி முந்தைய இரவிலிருந்தே வேலையைத் தொடங்குகிறார்கள். பழைய முறையில் வெங்காயம், பூண்டு கிடையாது. மதியம் தரையில் பந்தி. நம் மந்தாரையின் இனத்துக் கொடியொன்றின் இலைகளைத் தைத்த தட்டில் பரிமாறுகிறார்கள்.

எப்படிச் சாப்பிடுவது:

1. முதலில் சோறு வரும். கொஞ்சமாக வாங்குங்கள். பின்னால் வருவது நிறைய.
2. மத்ரா வரும். கொண்டைக்கடலையை அல்லது ராஜ்மாவைத் தயிரில் மெல்லக் காய்ச்சியது; நெய் மிதக்கும். அதற்கென்று சோற்றில் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.
3. அடுத்து உளுத்தம்பருப்பு முதலான பருப்புகள்.
4. கடைசிக்கு முன் கட்டா. புளிப்பும் வெல்லமும் சேர்ந்த குழம்பு. நாக்குக்கு உடனே பழகிய சுவை. இதற்கு இடம் வைக்காமல் மத்ராவிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வது எல்லோரும் செய்யும் தவறு.
5. இனிப்பு வந்ததும் பந்தி முடியும். உங்கள் இலை காலியானாலும் வரிசை எழும்வரை காத்திருங்கள்.

கல்யாண வீட்டுக்கு அழைப்பு இல்லாதவர்களுக்கு, தர்மசாலா, காங்க்ரா, மண்டி ஊர்களில் மதிய நேரத்தில் மட்டும் தாம் விற்கும் சிறு கடைகள் உண்டு. பன்னிரண்டரைக்குப் போங்கள். இரண்டு மணிக்கு மேல் பாத்திரம் காலி. மண்டியில் சாப்பிட்டால் சேப்பு வடி கேட்டு வாங்குங்கள்: உளுந்து வடையைக் கீரைக் குழம்பில் ஊறவிட்டது.

மெக்லியோட்கஞ்ச்: திபெத்தியச் சமையல்

1959இல் திபெத்தை விட்டு வந்த தலாய் லாமா அடுத்த ஆண்டு தர்மசாலாவில் குடியேறினார். அவரைத் தொடர்ந்து வந்தவர்கள் வைத்த அடுப்புகள்தான் இந்த ஊரின் சமையல். மோமோ எல்லா ஊரிலும் கிடைக்கிறது. இங்கே வந்து அதை மட்டும் சாப்பிட்டுத் திரும்ப வேண்டாம்.

தென்துக் கேளுங்கள். துக்பாவில் நீள நூடுல்ஸ் இருக்கும். தென்துக்கில் மாவை நாடாவாக இழுத்து, கட்டைவிரல் அளவுக்குப் பிய்த்துப் பிய்த்து நேராகக் கொதிக்கும் சாற்றில் எறிவார்கள். கை பழகியவர்கள் பாத்திரத்தைப் பார்க்காமலே வேகமாக எறிவதை நின்று பார்க்கலாம். ஒவ்வொரு துண்டும் ஒரு கனத்தில் இருப்பதில்லை. மெல்லியது கரையும், தடித்தது கடிபடும். குளிர்ந்த மாலைக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு இந்த ஊரில் இல்லை என்பது என் கட்சி. குழம்போடு தொட்டுக்கொள்ள டிங்மோ என்ற ஆவி ரொட்டி. மாலையில் தெருவோரம் லாபிங்: பாசிப்பயற்று மாவுச்சத்தில் செய்த குளிர்ந்த வழுக்கும் பட்டைகள், பூண்டுத் தண்ணீரும் மிளகாய் எண்ணெயும் ஊற்றியது. இது சூடாக்காத பண்டம். வயிறு பழகிய பிறகு, கூட்டம் அதிகமுள்ள கடையில் மட்டும்.

வெண்ணெய்த் தேநீரை டீ என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது. உப்புப் போட்டது, சூப்பாக நினைத்துக் குடியுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள். தலாய் லாமாவின் போதனை நாட்களில் கோயில் வளாகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தேநீரும் ரொட்டியும் வழங்குவது வழக்கம். சொந்தக் கோப்பை கொண்டுபோக வேண்டும்.

சைவர்களுக்கு எச்சரிக்கை

"வெஜ் துக்பா" என்று பலகையில் இருந்தாலும் சாறு எலும்பு வேகவைத்ததாக இருக்கலாம். காய்கறி மோமோவும் கோழி மோமோவும் ஒரே அடுக்குப் பாத்திரத்தில் வேகலாம்; மேல் தட்டின் சாறு கீழ்த் தட்டில் சொட்டும். கண்டிப்பான சைவம் என்றால் "சூப் மே ஹட்டி ஹை க்யா?" (சாற்றில் எலும்பு உண்டா?) என்று கேட்டுவிடுங்கள். மறைக்கமாட்டார்கள். சிக்கிம், டார்ஜிலிங் பக்கம் பன்றியும் மாடும் சாதாரணம். அசைவம் சாப்பிடுபவர்களும் எந்த இறைச்சி என்று கேட்டு வாங்குங்கள்.

அல்மோரா: தெரிந்த தானியம், வேறு கை

அல்மோரா இருக்கும் குமாவுன் மலைக்குப் போகும் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே மண்டுவா என்பது நம் கேழ்வரகு. ஜங்கோரா குதிரைவாலி. கஹத் கொள்ளு. ஜக்கியா என்று சொல்லித் தாளிக்கிறார்களே, அது நம் வயல் வரப்பில் களையாக முளைக்கும் நாய்க்கடுகு. நாம் பிடுங்கி எறியும் செடியின் விதையை அவர்கள் எண்ணெயில் பொரிய விட்டு உருளைக்கிழங்கின் மேல் கொட்டுகிறார்கள். பல்லில் நறநறவென்று கடிபடும், கடுகைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டை இப்படிக் கேளுங்கள்: மண்டுவா ரொட்டி, மேலே வெண்ணெய் அல்லது நெய், கறுப்புச் சோயாவில் செய்த பட் கி சுர்கானியும் சோறும், தொட்டுக்கொள்ள கஞ்சா இனத்துப் பாங் விதைச் சட்னி. பாங் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், விதை போதை தராது. கொள்ளுப் பருப்பு குளிர்காலத்தில்தான் அதிகம். முடிவில் ஜங்கோரா கீர். இவை பெரிய ஹோட்டல்களின் மெனுவில் அரிது. முன்கூட்டியே சொல்லிவைத்தால் தங்கும் வீட்டில் கிடைக்கும்.

கடைத்தெருவில் பால் மிட்டாய் வாங்குங்கள். கோவாவைப் பழுப்பாகும் வரை கிளறித் துண்டுபோட்டு, வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளை மேலே ஒட்டவைத்தது. சிங்கோரி இன்னொன்று: கோவாவை மாலு இலையில் கூம்பாகச் சுற்றியிருப்பார்கள். அது அன்றன்றே தின்ன வேண்டியது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சரிவெல்லாம் சிவப்பாகப் பூக்கும் புராஞ்ச் மலரின் சர்பத் ஆண்டு முழுவதும் பாட்டிலில் உண்டு. பொட்டலத்தில் கலர் சேர்க்கப்பட்டதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கஃபேக்கள்

மலையூர்க் கஃபே சாப்பிட மட்டும் போகிற இடமில்லை. மழை விடும்வரை உட்காரவும் கடிதம் எழுதவும் எதிர்ச் சரிவைப் பார்க்கவும்தான் போகிறோம். எனவே கூட்டம் வரும் முன், காலை எட்டு எட்டரைக்குப் போங்கள். மேகம் ஏறுவதற்கு முன் பனிமலை தெரிவதும் அந்த நேரத்தில்தான்.

முசூரிக்கு மேலே லாண்டூரில் சார் துக்கான் என்ற இடம் இருக்கிறது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் வரிசையாகச் சில கடைகள். பான்கேக், ஆம்லெட், இஞ்சி எலுமிச்சை தேன் டீ. அமெரிக்க மிஷனரிகள் வாழ்ந்த மலை என்பதால் வேர்க்கடலை வெண்ணெயும் பழ ஜாமும் இங்கே பழைய வழக்கம். ஷிம்லாவில் மால் ரோட்டில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸ் தொழிலாளர் கூட்டுறவு நடத்துவது. தோசையும் காபியும் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் அங்கே ஒருவேளை போய் ஆறுதலடையலாம்.

டார்ஜிலிங்கில் நேரு ரோட்டில் கிளெனரிஸ் பேக்கரி, அதற்குச் சற்றுக் கீழே கெவென்டர்ஸ் மொட்டைமாடி. இரண்டுமே பழைய பெயர்கள். இடம் பிடிக்கக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லை என்றால் எந்தச் சிறிய தேநீர்க்கடையிலும் இதைச் செய்யுங்கள்:

1. முதல் பறிப்பா இரண்டாம் பறிப்பா என்று கேளுங்கள். மார்ச், ஏப்ரலில் பறிப்பது முதல் பறிப்பு: வெளிர் நிறம், பூ மணம். மே, ஜூனில் பறிப்பது இரண்டாம் பறிப்பு: நிறமும் திடமும் அதிகம்.
2. பால், சர்க்கரை இல்லாமல் ஒரு மடக்காவது குடியுங்கள். முதல் பறிப்பில் பால் ஊற்றினால் வாங்கிய காசு வீண்.
3. மூன்று நிமிடத்துக்கு மேல் இலை நீரில் கிடக்க விடாதீர்கள். கசந்துவிடும்.
4. வாங்கும்போது தோட்டத்தின் பெயர், பறிப்பு, ஆண்டு மூன்றும் பொட்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தேயிலை வாரியத்தின் டார்ஜிலிங் முத்திரையில் இலை ஏந்திய பெண்ணின் பக்கவாட்டு முகம் இருக்கும்.

இந்தப் பக்கத்து உருண்டை மிளகாய் தல்லே குர்சானி. செர்ரிப் பழம்போலச் சிவந்து ஊறுகாய் ஜாடியில் அழகாக இருக்கும். நகக்கண் அளவு கிள்ளி ஆரம்பியுங்கள். மூங்கில் குவளையில் புளித்த கேழ்வரகைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சுவது தோங்பா. மறுபடி மறுபடி வெந்நீர் ஊற்றுவதால் லேசாகத்தான் தோன்றும். எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். இருட்டிய பிறகு சரிவுப் படிகளில் நடக்க வேண்டியிருந்தால் ஒரு குவளையோடு நிறுத்துங்கள்.

வீட்டுக்கு வாங்கி வருவது

பால் மிட்டாய் சில நாள் தாங்கும். காற்றுப் புகாமல் கட்டச் சொல்லுங்கள். சம்பாவின் சுக் என்ற மிளகாய் ஊறுகாய், ஆப்ரிகாட், வால்நட், தேயிலை எல்லாம் கெடாது. கெட்டிச் சுர்பி என்ற பாலாடைக்கட்டித் துண்டை வாயில் அடக்கி நெடுநேரம் மெல்ல வேண்டும்; பல்செட் வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஊறுகாய், தேன், ஜாம் பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் இருந்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.